குரல் உடையும் பையன்களை வைத்துச் சேர்ந்திசை: யோசனை தேவை

திருச்சி பக்கம் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை 34 பேர் கொண்ட சேர்ந்திசைக் குழு. ஆண்டு விழாவுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. பாட்டு மோகன ராகம், ஆதி தாளம். மத்திய ஷட்ஜத்திலிருந்து (நடு ஸ்தாயி ‘ச’) தார காந்தாரம் (மேல் ஸ்தாயி ‘க’) வரை போகிறது. சுருதி (‘ச’ நிற்கும் உயரம்) 5 கட்டை, அதாவது மேற்கத்திய G.

ஜூனில் நன்றாகப் பாடிய ஏழு பையன்களுக்கு இப்போது குரல் உடைகிறது. பஞ்சமத்தை (‘ப’) தாண்டினாலே பிளக்கிறது. ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடச் சொன்னேன். கீழ் ஷட்ஜம் வெறும் காற்றாக வருகிறது. 2 கட்டைக்கு மாற்றினால் மற்ற 27 பேருக்கும் கீழே எட்டவில்லை. 3 கட்டையில் இரு தரப்புக்கும் சங்கடம். மெதுவாக முணுமுணுத்தால் போதும் என்றேன், ஒரு பையன் மறுநாளிலிருந்து வரவில்லை. அது என் தவறுதான். தாளக் கருவிகள் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன், பாடத்தான் வேண்டுமாம்.

ஹார்மோனியமும் மின் சுருதிப் பெட்டியும் உண்டு. மேற்கத்திய முறையில் குரல் பிரித்து எழுதிப் பழக்கமில்லை.

5 கட்டையை மாற்றாமல், இந்த ஏழு பேருக்கும் தொண்டை நோகாதபடி எந்தப் பகுதியை எப்படிப் பாடக் கொடுக்கலாம்?