திட்டம் முடிந்துவிட்டது, எந்தக் கட்டுரை அந்த நிதியில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேதியியல்காரன்:
வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தில் நிதித் திட்டங்களைக் கவனிக்கும் பொறுப்பு ஆறு மாதமாக என்னிடம் இருக்கிறது, வகுப்பும் எடுத்துக்கொண்டு இதையும் பார்க்கிறேன். செர்ப் (மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) நிதி கொடுத்த ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு இறுதி அறிக்கை அனுப்ப வேண்டும். பேராசிரியர் பதினொரு கட்டுரை எழுதித் தந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நான்கில்தான் நன்றியுரையில் திட்ட எண் சரியாக இருக்கிறது, இரண்டில் செர்ப் என்ற பெயர் மட்டும், ஒன்றில் எண்ணே தப்பு, மீதி நான்கில் எதுவுமே இல்லை. ஆய்வு செய்த பிள்ளைகள் ராத்திரி பகலாக உழைத்தது கணக்கில் வராமல் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

நூலகத்திலிருந்து:
சார், பேராசிரியர் தந்த பட்டியலோடு நிறுத்தாதீர்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் திட்ட எண்ணை வைத்தே தேடலாம், சாய்கோடு போட்டும் போடாமலும் தேடிப் பாருங்கள். செர்ப் இப்போது 2023 சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டதால் பிந்தி வந்த கட்டுரைகளில் புதுப் பெயர் இருக்கும், அதையும் தேடுங்கள். தப்பான எண்ணுக்கு இதழ் ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் கேட்கலாம். எல்லா இதழும் போடாது, ஆனாலும் கேளுங்கள்.

திட்டப்பிரிவு அக்கா:
பதினெட்டு வருஷம் இந்தப் பிரிவில் இருந்தவள் சொல்கிறேன் தம்பி. எண் இல்லாத அந்த நான்கையும் அப்படியே சேர்த்துவிடாதீர்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுங்கள், அந்த நிதியில் வாங்கிய ஃபர்னஸில் செய்த சாம்பிளா, அந்த ஜே.ஆர்.எஃப். (திட்டத்தில் சேர்ந்த இளநிலை ஆய்வாளர்) சம்பளம் வாங்கிய மாதத்தில் எடுத்த ரீடிங்கா என்று ஆய்வக நோட்டின் தேதியோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் தாராளமாகச் சேருங்கள், எண் விடுபட்டது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே கட்டுரையை மூன்று திட்டத்தின் அறிக்கையில் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன், அது பெரிய தப்பு.

அப்புறம், அறிக்கை வேலையில் மூழ்கி யு.சி.யை (நிதியைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) மறந்துவிடாதீர்கள். அதற்கான ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவம், கணக்கில் சேர்ந்த வட்டி இருந்தால் அதைத் திருப்பிக் கட்டிய ரசீது, இதெல்லாம் தயாராக இருக்கட்டும்.

இனிமேலாவது, ஜே.ஆர்.எஃப். சேரும் நாளிலேயே திட்ட எண்ணோடு நன்றி வாக்கியத்தை முழுசாக டைப் அடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் பிரிவில் பணிநியமன ஆணையோடு சேர்த்தே பின் அடித்துத் தருவோம். அந்தப் பையன் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருஷம் கழித்துக் கட்டுரை வந்தாலும் எண் சரியாக இருக்கும்.

வேதியியல்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, நூலக நண்பருக்கும். நேற்று ஆய்வக நோட்டுகளை உட்கார்ந்து பார்த்தேன். நான்கில் மூன்று இந்தத் திட்டத்தில் செய்ததுதான், தேதி பொருந்துகிறது. நான்காவது பேராசிரியரின் பழைய திட்டத்தில் வந்தது, எடுத்துவிடச் சொன்னேன், அவரும் சரி என்றார். தப்பான எண்ணுக்கு இன்று காலை இதழுக்கு மெயில் போட்டாயிற்று.