உண்ணல் கோளாறைப் பற்றி மருத்துவரிடம் பேசிய அனுபவங்கள்

தும்பைப்பூ:
எனக்கு இருந்தது புலிமியா; கட்டுப்பாடின்றி உண்பதும், பிறகு அதை வாந்தியெடுத்து வெளியேற்றுவதுமாக இருக்கும் நோய். அது எப்படி வதைக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைச்சுற்றலும் நெஞ்சுப் படபடப்பும் தாங்காமல் எங்கள் பகுதி மருத்துவரிடம் போனேன். அம்மாவும் உடன் வந்திருந்தார். இம்முறை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவரோ பழைய சீட்டில் இருந்த எடையையும் புதிய எடையையும் ஒப்பிட்டு முகம் மலர்ந்தார். "பரவாயில்லையே, சொன்னபடி குறைத்திருக்கிறாய். இதையே விடாமல் செய்" என்று கூறி, அந்த எண்ணின் கீழே பச்சை மையில் அழுத்தமாக இரண்டு கோடு போட்டார். அம்மாவின் முகத்தில் தெரிந்த பெருமிதத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் எழவில்லை. படபடப்புக்கு ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்; பொட்டாசியம் பார்க்கச் சொல்லவில்லை. அடிக்கடி வாந்தியெடுத்துப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்று பின்னர் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. உடல் பருத்த ஒருத்திக்கு இந்த நோய் இருக்காது என்று அவர் எப்படி முடிவு செய்தார் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

நொய்யல்:
தும்பைப்பூ, படித்ததும் மனம் கனத்துவிட்டது. என் நோயைக் கண்டுகொண்டவர் ஒரு பல் மருத்துவர். பல் கூச்சம் என்றுதான் போயிருந்தேன். மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தைச் சிறு கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தவர், உதவியாளரை ஏதோ எடுத்துவர அனுப்பிவிட்டு, விளக்கை ஒதுக்கி, நாற்காலியை நிமிர்த்திய பிறகே பேசினார். "வெளிப்புறம் நன்றாக இருக்கிறது, உட்புறத்தில் எனாமல் கரைந்திருக்கிறது. வயிற்று அமிலம் பட்டால் இப்படி ஆகும். அசிடிட்டி தொல்லையா, அடிக்கடி வாந்தியா?" என்றார். அசிடிட்டி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அதற்கும் வழி விட்டிருந்தார். அதனாலேயே எனக்கு உண்மையைச் சொல்ல முடிந்தது. வாந்திக்குப் பின் உடனே பல் துலக்கினால் எனாமல் மேலும் தேயும், தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்றார். மனநல மருத்துவருக்கு எழுதிய கடிதத்தை உறையில் இடுவதற்கு முன்பு என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

வைகைக்கரை:
முதலில் எழுதிய சகோதரி அந்த மருத்துவரைக் குறை கூறுவது முழுவதும் நியாயமாகப் படவில்லை. வாசலில் அத்தனை பேர் காத்திருக்கும்போது, நோயாளி சொல்லாததை அவர் எவ்வாறு அறிவார்? என் தங்கைக்கு அனோரெக்ஸியா; எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவையே ஒதுக்கும் நோய். அவளும் ஒவ்வொரு முறையும் ஒன்றும் சொல்லாமலே திரும்பி வந்தவள்தான். ஆகவே எல்லோருக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சொல்ல வருவதை ஒரு தாளில் எழுதி, உட்கார்ந்தவுடன் நீட்டிவிடுங்கள். வீட்டாரை வெளியே இருக்கச் சொல்லும்படி மருத்துவரிடமே கேளுங்கள். மனநலச் சிகிச்சையில் ரகசியம் காக்கப்படும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. எடையைப் பார்ப்பதே வேதனை என்றால், எந்திரத்துக்கு முதுகு காட்டி நிற்கிறேன் என்று சொல்லலாம். உண்ணல் கோளாறு இருக்குமா என்று அறிய லண்டன் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விகள் உள்ளன. இரண்டுக்கு ஆம் என்று வந்தாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு. ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் கேட்டு வாங்குங்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டில் ஒரேயடியாக ஊட்டத் தொடங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், உணவைக் கூட்டுவதும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நேரில் பேச இயலாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மார்கழி:
வைகைக்கரை அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் தும்பைப்பூ இங்கே வழி கேட்கவில்லை. தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். தாளில் எழுதிக்கொண்டு போனவள் நான். பாராட்டிய மருத்துவரிடம் அதை எடுத்து நீட்டக் கை வராது.

என் நோய் விரதத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்று நாட்கள் கூடக் கூட வீட்டில் என் பக்தியைப் புகழ்ந்தார்கள். முதலில் பார்த்த ஆலோசகரும் "நல்ல பழக்கம்தானே" என்று சொல்லிவிட்டுத் தேர்வுப் பயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நீங்கள் சொல்லும் கேள்விப் பட்டியல்களிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் அப்படியொரு பட்டியலைக் கொடுத்துப் பார்த்து 1989இல் வெளியான ஆய்வில், விரதம் இருக்கும் வழக்கமே சில கேள்விகளுக்கு நோய் போன்ற பதிலைத் தந்துவிடுவதாக எழுதியிருந்தார்கள். எது விரதம், எது நோய் என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

எனக்கு அதைப் பிரித்துக் காட்டியவர் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் இருந்த மனநல மருத்துவர். எத்தனை நாள் விரதம் என்று அவர் கேட்கவில்லை. "விரதம் முடித்து இலையில் உட்காரும்போது மனம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். என் பாட்டி கந்தசஷ்டி முடித்து முதல் கவளம் எடுக்கும்போது அவர் முகத்தில் இருக்கும் நிறைவு என் நினைவுக்கு வந்தது. எனக்கோ அந்த நேரத்தில் நெஞ்சு அடைக்கும். அடுத்த விரதம் என்றைக்கு என்று நாட்காட்டியைத் தேடுவேன். அதைச் சொல்லத் தொடங்கியபின் மற்றவையும் தாமாக வந்தன. அன்று எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது, அண்ணா. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டத்தைக் காரணம் காட்டுவதை நான் ஏற்காததற்குக் காரணம் அதுதான்.