நெல்லையில் பைப்ரோஸ்கேன் எங்கே எடுக்கலாம்?

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் அண்ணனுக்குப் பல வருடமாக ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று. டெனோபோவிர் மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். போன வாரம் வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. எவ்வளவு என்று இல்லை. ஊசி போட்டுச் சதை எடுப்பார்களோ என்று பயந்து, ராத்திரி தூங்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

பைப்ரோஸ்கேன் போதும் என்றார் டாக்டர். விலா எலும்புக்கு நடுவே கருவியை வைத்தால், கொழுப்பை 100 முதல் 400 வரையுள்ள சிஏபி எண்ணாகவும், கல்லீரலின் இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அளவிலும் காட்டும். அதற்குமுன் 3 மணி நேரம் சாப்பிடக்கூடாது. வைரஸால் அழற்சி இருந்தால் இறுக்கம் கூடுதலாகக் காட்டுமாம், அதனால் எஸ்ஜிபிடி (கல்லீரல் அழற்சியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் எங்கே எடுக்கலாம்? எவ்வளவு ஆகும்? அண்ணனுக்குக் கனத்த உடம்பு, அதற்கான எக்ஸ்எல் புரோப் (உடம்பில் வைக்கும் பெரிய கருவிமுனை) இருக்கிற இடமாகச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் யாராவது எடுத்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்களேன்.