அடுத்தவர் கணினியில் ஓட வைப்பது: லினக்ஸ் அறிவியல் மென்பொருள் அனுபவங்கள்

துகள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் ஒரு சிமுலேஷன் நிரலை எங்கள் குழு சில வருடங்களாக எழுதி வருகிறது. பாதி சி++, பாதி ஃபோர்ட்ரான். அதைப் பேக்கேஜ் செய்து வெளியே கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. இதே வேலையைச் செய்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

முதல் வெளியீட்டை, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் உள்ள என் மடிக்கணினியில் கம்பைல் செய்து (கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி), ஜிப் கோப்பாக ஏற்றினேன். மறுநாள் காலையிலேயே ஒரு ஆராய்ச்சி மாணவரிடமிருந்து மின்னஞ்சல். அவருடைய கிளஸ்டரில் (பல கணினிகளைக் கோத்த கணக்கீட்டு அமைப்பு) இருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ். நிரலைத் தொடங்கினால் 'ஜிலிப்சி 2.34 பதிப்பு இல்லை' என்று ஒரே வரி, அத்தோடு நின்றுவிடுகிறது.

ஜிலிப்சி என்பது லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் அடிப்படை சி லைப்ரரி. பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17. அதிலும் 2021 ஆகஸ்டில் வந்த 2.34 ஒரு பெரிய எல்லைக்கோடு. த்ரெட் லைப்ரரியை அதில்தான் முக்கிய லைப்ரரிக்குள்ளேயே சேர்த்தார்கள். நிரலைத் தொடக்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் புதுப் பதிப்பு முத்திரை வந்தது. அதனால் ஒரே வரி அச்சிடும் நிரலைக்கூட அங்கே கம்பைல் செய்து பழைய கணினிக்கு அனுப்பினால் ஓடாது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. புது ஜிலிப்சியையும் சேர்த்து அனுப்பி, லைப்ரரி தேடும் பாதையில் அதை வைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "இப்போது எல்எஸ் கமாண்டே க்ராஷ் ஆகிறது, கிளஸ்டரையே கெடுத்துவிட்டேனா?" அந்தப் பாதை அந்த டெர்மினலுக்குள் மட்டும்தான் செல்லும், ஜன்னலை மூடித் திறந்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் எப்படிப் பயந்திருப்பார் என்பது இன்றும் மனதில் இருக்கிறது. கம்பைலர் வைத்திருப்பவன் நான், பயந்தது அவர்.

அப்புறம் முறையாகக் கற்றுக்கொண்டேன். பயனர்களிடம் இருக்கும் மிகப் பழைய சிஸ்டம் எதுவோ, அதன் கண்டெய்னருக்குள்தான் (அந்த சிஸ்டத்தைத் தனியாக அடைத்து வைத்த சூழல்) கம்பைல் செய்ய வேண்டும். பல லினக்ஸ்களில் ஓடும் பேக்கேஜ்களுக்காகப் பைத்தான்காரர்கள் வைத்த மெனிலினக்ஸ் 2014 தரம் செய்வதும் இதுதான், அதன் அடிப்படை சென்ட்ஓஎஸ் 7. அந்த சிஸ்டத்தின் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டதால் நாங்கள் இப்போது ஜிலிப்சி 2.28 உள்ள அல்மாலினக்ஸ் 8-க்கு மாறிவிட்டோம்.

அடுத்தது ஃபோர்ட்ரான் ரன்டைம், அதாவது ஃபோர்ட்ரான் நிரல் ஓடும்போது தேவைப்படும் லைப்ரரி. ஜிசிசி என்ற கம்பைலரின் 7-ஆம் பதிப்பில் அதன் எண் 4, ஜிசிசி 8-இலிருந்து 5. பயனரிடம் சரியான எண் இருக்கும் என்று நம்பக்கூடாது. அதை நிரலின் பக்கத்துக் கோப்புறையிலேயே வைத்து, ஆர்-பாத்தில் (நிரலுக்குள்ளேயே பதியும் லைப்ரரி தேடும் பாதை) 'நான் இருக்கும் இடத்திலிருந்து தேடு' என்று எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று, 'மார்ச் நேட்டிவ்': கம்பைல் செய்யும் கணினியின் செயலிக்கே ஏற்றபடி நிரலை ஆக்கச் சொல்லும் கம்பைலர் கொடி (ஆப்ஷன்). வேகம் கூடுமே என்று அதைப் போட்டுக் கம்பைல் செய்த ஒருவருக்கு நிரல் கிளஸ்டரின் லாகின் நோடில் (பயனர்கள் உள்நுழையும் கணினி) ஓடியது, கணக்கிடும் நோடுகளில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்துப்போனது. லாகின் நோடின் செயலியில் ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி இருந்தது, மற்றவற்றில் இல்லை. பொதுவெளியீட்டில் அதைப் போடவே கூடாது.

* * *

நீங்கள் சொன்னவை எல்லாம் ஓடாமல் நின்றவை. எங்களுக்கு நேர்ந்தது, ஓடித் தப்பாக விடை சொன்னது. அதுதான் எனக்கு அதிகம் பயம் தந்தது.

எங்களுடையது படிக அமைப்புகளை வரைந்து காட்டும் நிரல், ஜன்னல்களை உருவாக்கும் க்யூட்டி லைப்ரரியில் எழுதியது. ஒரு மாணவி சிலிக்கான் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அடர்த்தி 2.98 என்று வருகிறது, 2.33 தானே வர வேண்டும்?" என்று கேட்டார். என் கணினியில் அதே கோப்பு, அதே பேக்கேஜ், 2.33 தான் வந்தது. இரண்டு நாள் கோப்பின் வடிவத்தையும் சூத்திரத்தையும் தோண்டினேன். கடைசியில் அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில்தான் பிடிபட்டது. அலகுக் கூட்டின் நீளம் 5.431 ஆங்ஸ்ட்ராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் '5,000'. புள்ளி இல்லை, காற்புள்ளி.

அவர் கணினியின் லோகேல் (மொழியையும் எண் எழுதும் வழக்கத்தையும் குறிக்கும் அமைப்பு) ஜெர்மன். அதில் தசமக் குறி காற்புள்ளி. லினக்ஸில் க்யூட்டி தொடங்கும்போது சிஸ்டத்தின் லோகேலை நிரலுக்கும் பொருத்திவிடும். அதன் பிறகு சி லைப்ரரியின் எண் வாசிக்கும் ஃபங்ஷன் 5.431-இல் புள்ளியைக் கண்டதும் நின்று, 5-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. கனஅளவு 160-க்குப் பதில் 125 ஆனது, அடர்த்தி ஏறிவிட்டது. சிலிக்கானின் அடர்த்தி அவருக்கு மனப்பாடமாக இருந்ததால் தெரியவந்தது. யாரும் அறியாத ஒரு புதுச் சேர்மமாக இருந்திருந்தால் அந்த எண் நேராக ஆய்வுக்கட்டுரைக்குள் போயிருக்கும்.

க்யூட்டி தொடங்கிய உடனே எண்களுக்கான லோகேலை மட்டும் 'சி' என்று மாற்றினோம், அதில் தசமக் குறி புள்ளிதான். புதிதாக எழுதும் இடங்களில் சி++17-இன் ஃப்ரம்-கேர்ஸ் என்ற எண் வாசிக்கும் ஃபங்ஷன், அது லோகேலைப் பார்ப்பதே இல்லை. இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் சோதனைகளை ஜெர்மன் லோகேலிலும் ஒருமுறை ஓட்டுகிறோம்.

* * *

நான் எழுதுகிறவன் இல்லை, மற்றவர்கள் எழுதியதை டெபியன் என்ற லினக்ஸுக்காகப் பேக்கேஜ் செய்கிறவன். 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற ஒரு வரி உரிமத்தில் இருந்தாலே முக்கியத் தொகுப்பில் சேர்க்க முடியாது, பயன்படுத்தும் துறையை வைத்துப் பாகுபாடு கூடாது என்பது அங்கே விதி. தயவுசெய்து முதல் நாளே உரிமத்தைப் பாருங்கள். பல வருடம் கழித்துக் கேட்டால், பங்களித்த எல்லோரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும்.

மற்றபடி என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு சோதனை. சாதாரண 64 பிட் இன்டெல் செயலியில் தேறியது, ஆர்ம் 64 வகைச் செயலியில் தோற்றது. எதிர்பார்த்த வெளியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை அது, பதினோராவது இலக்கத்தில் வித்தியாசம். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்து, விடையின் இலக்கங்களை ஒருமுறை மட்டும் ரவுண்ட் செய்யும் வசதி ஆர்ம் 64-இல் எப்போதும் உண்டு, ஜிசிசி தானாகவே அதைப் பயன்படுத்தும். டெபியன் இன்டெலுக்காகக் கம்பைல் செய்யும் அடிப்படைச் செயலியில் அது இல்லை. அந்த இணைப்பை நிறுத்தும் கொடியைப் போட்டதும் சோதனை தேறிவிட்டது. ஆனாலும் நான் அதோடு விடவில்லை. இரண்டு விடையும் சரியானவைதான். நிரலை எழுதியவரிடம் பேசினேன், ஒப்பீட்டுக்கு ஒரு பிழை வரம்பு வைத்தார். எத்தனை இலக்கம் நம்பலாம் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும், அதைப் பேக்கேஜ் செய்கிறவன் ஊகிக்கக் கூடாது.

* * *

முதலில் எழுதியவன்தான். லோகேல் பற்றிப் படித்ததும் எங்கள் நிரலை ஜெர்மன் லோகேலில் ஓட்டிப் பார்த்தேன். கணக்கிடும் பகுதி தப்பித்தது, அது லோகேலைத் தொடுவதில்லை. ஆனால் துகள்களை அசைத்துக் காட்டும் ஜன்னல் க்யூட்டி. அதில் நேர இடைவெளி 0.005 என்பது 0 ஆக வாசிக்கப்பட்டு, படம் அசையவே இல்லை. 'திறந்தால் உறைந்துபோகிறது' என்று போன வருடம் ஒருவர் எழுதியிருந்தார், கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பாருங்கள் என்று பதில் போட்டிருந்தேன். இன்று அவருக்கு எழுதுகிறேன், திருத்திய பேக்கேஜையும் சேர்த்து.