எண்ணெய் + மேக்னடைட் முறையில் நுண்நெகிழி அகற்றம்: 96 சதவீதம் என்ற கணக்கு ஐசெஃப் நடுவர்கள் முன் நிற்குமா?

கேட்டவர்: ஆய்வகத்துணை

வணக்கம். 11ஆம் வகுப்பு மாணவிகள் இருவர் குழுவாகச் செய்யும் ஆய்வுக்கு நான் பொறுப்பாசிரியர். தாவர எண்ணெயும் மேக்னடைட் தூளும் (காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) சேர்த்து, நீரிலுள்ள நுண்நெகிழியைக் காந்தத்தால் இழுத்தெடுப்பதுதான் ஆய்வு. இணைப்புப் பெற்ற உள்ளூர்க் கண்காட்சி வழியாக, பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சியான ரீஜெனரான் ஐசெஃப் வரை கொண்டுபோக நினைக்கிறார்கள்.

முன்னோட்டமாகச் செய்து பார்த்த முறை: 500 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 50 மி.கி. பாலிஎத்திலீன் தூள் (100 மைக்ரான் அளவு), 1 மி.லி. எண்ணெய், 1 கிராம் மேக்னடைட். 5 நிமிடம் கலக்கி, பீக்கரின் வெளிச்சுவரில் நியோடிமியம் காந்தத்தை 2 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு நீரின் நடுப்பகுதியிலிருந்து பிப்பெட்டால் 50 மி.லி. எடுத்து வடிகட்டி, வடிதாளை உலர்த்தி எடை போடுகிறார்கள். ஒரே பீக்கரிலிருந்து மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தால் 96 சதவீதம் அகற்றம் என்று வருகிறது. தராசு 1 மி.கி. வரை காட்டும்.

மூன்று சந்தேகங்கள். இந்த எண்ணை நடுவர்கள் ஏற்பார்களா? எந்தப் படிவங்கள் எப்போது வேண்டும்? இதே முறைக்கு ஏற்கெனவே பரிசு கிடைத்துவிட்டதால் புதிதாக எதைச் சொல்வது?

பதில் 1: துகள்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இந்த எண் நிற்காது. முறை வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை. அது வேலை செய்ததா என்பதை இந்த அளவீட்டால் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மி.லி.யில் 50 மி.கி. என்றால், எதுவுமே அகற்றாதபோதுகூட 50 மி.லி.யில் இருப்பது 5 மி.கி. 96 சதவீதம் போய்விட்டால் மிச்சம் 0.2 மி.கி. உங்கள் தராசின் மிகச்சிறிய படியே 1 மி.கி. சாதாரண வடிதாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் மட்டுமே அதைவிட அதிகமாக எடை மாறும். போதாததற்கு, தாளில் தங்கிய எண்ணெயும் மேக்னடைட்டும் எடையைக் கூட்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை மாதிரி எடுக்கும் இடம். பாலிஎத்திலீனின் அடர்த்தி 0.91 முதல் 0.97 வரை; அது மிதக்கும். நடுவிலிருந்து நீர் எடுத்தால் காந்தமே வைக்காமலும் 'அகற்றம்' வரும். மிதப்பதில் ஒரு பகுதி கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் சேர்த்தபின் இன்னும் அதிகமாக. அந்த இழப்பெல்லாம் காந்தத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது.

எடையை விட்டுவிட்டுத் துகள்களை எண்ணுங்கள். 100 மைக்ரான் பாலிஎத்திலீன் கோளம் ஒன்று ஏறக்குறைய அரை மைக்ரோகிராம், 50 மி.கி.யில் ஒரு லட்சம் துகள் இருக்கும், எண்ண முடியாது. ஆகவே ஒரு மூலக் கலவை செய்துகொள்ளுங்கள். நிறமூட்டிய அல்லது ஒளிரும் துகள் 50 மி.கி.யை 500 மி.லி. 50 சதவீத எத்தனாலில் கலக்கினால் மி.லி.க்குச் சுமார் 200 துகள். அந்தக் கலவையின் அடர்த்தி 0.93 அளவில் இருப்பதால் துகள் சட்டென்று மேலேறாது, நன்றாக நனையவும் செய்யும். குலுக்கியபடியே 5 மி.லி. எடுத்து 495 மி.லி. நீரில் சேர்த்தால் சுமார் 1000 துகள். மாணவிகள் முதலில் ஐந்து தனித்தனி 5 மி.லி.களை எண்ணி, எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கட்டும். அந்தச் சிதறல் தெரியாமல் எந்தச் சதவீதத்துக்கும் பிழை எல்லை போட முடியாது.

சோதனை முடிந்ததும் மாதிரி எடுக்காதீர்கள்; 500 மி.லி.யையும் 20 மைக்ரான் நைலான் வலைத்துண்டில் வடிகட்டுங்கள். தனியான மேக்னடைட் துகள்கள் இவ்வலையில் பெரும்பாலும் கடந்துவிடும். எண்ணெயோடு திரண்டு நிற்பதை வெதுவெதுப்பான சோப்பு நீரால் கழுவலாம். பீக்கர் சுவரையும் அதே சோப்பு நீரால் மூன்று முறை கழுவி, அதைத் தனி வலையில் வடிகட்டுங்கள். காந்தத்தில் வந்த திரளையும் கழுவி எண்ணுங்கள். ஆக மூன்று எண்கள்: நீரில் மிஞ்சியது, சுவரில் ஒட்டியது, காந்தத்தில் வந்தது. மூன்றின் கூட்டுத்தொகை போட்ட 1000க்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதுதான் இந்த ஆய்வின் உயிர். கூட்டு 700 என்று வந்தால் சதவீதம் பேசுவதை நிறுத்தி, காணாமல்போன 300 எங்கே என்று தேட வேண்டும்.

எண்ணிக்கையின் பிழை அதன் வர்க்கமூலம். 1000இல் 100 மிஞ்சினால் அந்த 100க்குப் பிழை 10. அகற்றம் 90 ± 1 சதவீதம். இப்படிச் சொல்லும் எண்ணை நடுவர் நம்புவார்.

ஒப்பீட்டுக் குழுக்கள் நான்கு வேண்டும்:

- துகள் மட்டும், காந்தம் உண்டு
- துகள் + எண்ணெய், மேக்னடைட் இல்லை
- துகள் + மேக்னடைட், எண்ணெய் இல்லை
- எண்ணெய் + மேக்னடைட், துகள் இல்லை

எல்லாவற்றிலும் அதே 5 மி.லி. எத்தனால் கலவை இருக்கட்டும். நான்காவதில் துகள் இல்லாத கலவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தயாரித்த ஐந்து பீக்கர். ஒரே பீக்கரில் மூன்று முறை எடுப்பது மூன்று சோதனை ஆகாது, அது ஒரே சோதனையின் மூன்று வாசிப்பு. பீக்கர்களின் வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள்.

காந்தத்தைப் பற்றியும் ஒன்று. 500 மி.லி. பீக்கரின் விட்டம் 8 அல்லது 9 செ.மீ.; காந்தப்புலம் தூரத்தோடு மிக வேகமாகக் குறைவதால் எதிர்ச் சுவர்ப் பக்கம் 2 நிமிடத்தில் ஒன்றும் நகராது. காந்தத்தை மெல்லிய சோதனைக்குழாய்க்குள் இறக்கி, குழாயோடு நீருக்குள் மெதுவாகச் சுற்றுங்கள். வெளியே எடுத்தபின் காந்தத்தை உருவினால் திரள் அப்படியே கழன்று விழும். 1, 2, 5, 10 நிமிடம் என நேரத்துக்கு எதிராக ஒரு வரைபடம் போட்டால், 2 நிமிடம் ஏன் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பதில் 2: படிவம்_முதலில்

அளவீட்டுக்கு முன்பே பார்க்க வேண்டியது தேதி. படிவம் 1 பொறுப்பாசிரியருக்கு, 1ஏ மாணவர் சரிபார்ப்புப் பட்டியலும் ஆய்வுத் திட்டமும், 1பி மாணவர், பெற்றோர் ஒப்புதல். முறையான சோதனை தொடங்கும் தேதிக்கு முன் 1பியில் கையெழுத்து இருக்க வேண்டும். குழுவில் ஒவ்வொரு மாணவிக்கும் தனி 1பி. முன்னோட்டம் நடந்த தேதியை ஆய்வுக் குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லி, உங்கள் கண்காட்சியின் அறிவியல் மறுஆய்வுக் குழுவிடம் இப்போதே காட்டிவிடுங்கள். தேதி முன்பின் முரணாக இருப்பது நல்ல ஆய்வையும் வெளியே தள்ளிவிடும்.

எத்தனால் தீப்பற்றும், வலுவான நியோடிமியம் காந்தம் விரலை நசுக்கும். இவற்றுக்கு அபாய மதிப்பீட்டுப் படிவம் 3 நிரப்புங்கள். பல்கலைக்கழகக் கருவியைப் பயன்படுத்தினால் 1சி. போன ஆண்டு ஆய்வின் தொடர்ச்சி என்றால் 7.

இப்படிச் சுத்தம் செய்த நீர் உயிர்களுக்குப் பாதுகாப்பானதா என்று அடுத்துத் தோன்றும். மீனை வைத்துச் செய்யத் தொடங்காதீர்கள். முதுகெலும்பிகள் என்றால் முன் அனுமதி கட்டாயம், சோதனையால் எந்தக் குழுவிலும் ஒரு மீன்கூடச் சாகக்கூடாது. டாஃப்னியா என்ற சிறு நீர்ப்பூச்சி போன்ற உயிரி முதுகெலும்பற்றது, அந்தத் தடை அதற்கு இல்லை. நீர்நிலையிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் அதிலுள்ள நுண்ணுயிரை வீட்டில் வளர்ப்பது விதிப்படி கூடாது.

குழுவில் மூன்று பேர் வரை இருக்கலாம். ஆய்வுச் சுருக்கம் 250 சொற்களுக்குள், இந்த ஆண்டு வேலை மட்டும். காட்சிப் பலகை 122 செ.மீ. அகலம், 76 செ.மீ. ஆழம், தரையிலிருந்து 274 செ.மீ. உயரம் தாண்டக்கூடாது. நீர், எண்ணெய், தூள் எதையும் மேசையில் வைக்க விடமாட்டார்கள், படமும் குறிப்பேடும்தான். படங்களை எடுத்தவர் யார் என்ற வரி பலகையில் வேண்டும். விதிநூல் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் அந்தந்த ஆண்டுப் பதிப்பையே பாருங்கள்.

பதில் 3: மூன்றாம்மேசை

இதே கருத்துக்கு 2019இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஃபியன் ஃபெரேரா கூகுள் அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வென்றார். 2024 ஐசெஃப்பில் டெக்சாஸ் மாணவர் இருவர் மீயொலியால், நீர் கருவியை ஒருமுறை கடக்கும்போதே, 84 முதல் 94 சதவீதம் வரை நுண்நெகிழியை அகற்றிப் பெரும் பரிசொன்றைப் பெற்றார்கள். ஆகவே 'நாங்களும் அகற்றினோம்' என்பதற்கு இனி இடமில்லை. 'எப்போது அகற்ற முடியாமல் போகிறது, ஏன்' என்பதற்கு நிறைய இடம் இருக்கிறது.

எனக்குப் பிடித்த கேள்வி இது: வெயிலில் கிடந்து முதுமையடைந்த நெகிழியை இந்த முறை பிடிக்குமா? எண்ணெய் ஒட்டுவதே நெகிழி நீரை வெறுப்பதால்தான். புற ஊதாக் கதிர் படப்பட மேற்பரப்பில் கார்பனைல் தொகுதிகள் (ஆக்சிஜன் கொண்ட அணுத்தொகுதிகள்) உருவாகி அந்த வெறுப்பு குறைகிறது. கடலிலும் ஆற்றிலும் இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான், கடையில் வாங்கிய புதுத் தூள் அல்ல. தூளோடு ஒரு பாலிஎத்திலீன் தாளையும் அதே விளக்கின் கீழ் வையுங்கள். வாரம் ஒருமுறை தாளில் ஒரு நீர்த்துளி வைத்துப் பக்கவாட்டில் படமெடுத்துத் தொடுகோணம் (துளியின் ஓரம் தாளோடு செய்யும் கோணம்) அளக்கலாம். செலவே இல்லாத சான்று. அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ.⁻¹ அருகே உச்சி எழுந்தால் உறுதி. பிறகு புதியது, முதியது என்ற இரண்டுக்கும் எண்ணெய் அளவு 0.25, 0.5, 1 மி.லி. என ஆறு நிலை, நிலைக்கு ஐந்து பீக்கர். முதிய நெகிழி பிடிபடவில்லை என்று வந்தாலும் அது நல்ல முடிவுதான், மறைக்கத் தேவையில்லை.

ஐசெஃப் மதிப்பெண் பங்கீட்டையும் பாருங்கள்: ஆய்வுக் கேள்வி 10, வடிவமைப்பு 15, செயலாக்கம் 20, படைப்பாற்றல் 20, முன்வைப்பு 35. அந்த 35இல் நேர்காணல் மட்டும் 25. ஆசிரியர் பக்கத்தில் நிற்க முடியாது. குழுவில் இருவருமே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல் மறுபடி எண்ணட்டும். இரு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசமே ஒரு தரவு.

ஒப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2022 ஐசெஃப்பில் 75,000 டாலர் முதல் பரிசு பெற்ற ராபர்ட் சான்சோனின் மோட்டாரைப் பாருங்கள். தன் மோட்டாரையே வழக்கமான ஒத்தியங்கு தயக்க மோட்டாராகவும் (synchronous reluctance motor) இயங்கும்படி மாற்றியமைத்து ஒப்பிட்டார். நிமிடத்துக்கு 300 சுழற்சி வேகத்தில் முறுக்குவிசை 39 சதவீதம் கூடியது. முப்பரிமாண அச்சில் செய்த பாகங்கள் சூடாகும் என்பதால் 750க்கு மேல் சோதிக்கவில்லை, அதையும் சொல்லிவிட்டார். எல்லையைத் தானே சொல்லும் மாணவரிடம் நடுவர் அடுத்த கேள்வியை ஆர்வத்தோடு கேட்பார்.

ஆய்வகத்துணை

மிக்க நன்றி. ஒளிரும் துகள் கிடைக்கத் தாமதமாகும். சாதாரண வெள்ளைத் தூளையே நைல் ரெட் என்ற ஒளிரும் சாயமிட்டு எண்ணலாமா? நீரில் மிஞ்சும் எண்ணெயைப் பற்றிக் கேட்டால் என்ன காட்டுவது?

துகள்கணக்கு

இந்த ஆய்வில் நைல் ரெட் வேண்டாம். அது கொழுப்பையும் சாயமேற்றும். வலையில் ஒட்டிய ஒவ்வோர் எண்ணெய்த் துளியும் நெகிழி போலவே ஒளிரும். காத்திருக்க முடியாவிட்டால் நிறமுள்ள பாலிஎத்திலீன் மூடியை உறைய வைத்து அரத்தால் அராவி, 90 மற்றும் 125 மைக்ரான் சல்லடைகளுக்கு இடையே தங்குவதை எடுங்கள். சிவப்போ பச்சையோ இருக்கட்டும், மேக்னடைட் கறுப்பு. துகள் கோளமாக இருக்காது என்பதால் மி.லி.க்கு 200 என்ற என் கணக்கு அப்படியே பொருந்தாது. ஐந்து மாதிரி எண்ணி உண்மை எண்ணிக்கையை எழுதுங்கள்.

மிஞ்சும் எண்ணெய்க்கும் இரும்புக்கும் துகள் இல்லாத அந்த நான்காவது குழுதான் பதில். இரும்பை அமிலத்தில் கரைத்து, அஸ்கார்பிக் அமிலத்தால் ஒடுக்கி, இரும்போடு சேர்ந்து செந்நிறம் தரும் பினாந்த்ரோலின் சேர்த்து 510 நானோமீட்டரில் உறிஞ்சலை அளக்கலாம். லிட்டருக்கு 0.3 மி.கி.க்கு மேல் இரும்பு இருந்தால் துணியில் கறை படியும், சுவையும் மாறும்; அந்த அளவை வரைபடத்தில் ஒரு கோடாகப் போடுங்கள். எண்ணெய்க்கு, வலையில் கடந்த நீர் முழுவதையும் ஹெக்சேனால் பிரித்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் ஆவியாக்கி, மிச்சத்தை எடை போட வேண்டும். இதற்கு 0.1 மி.கி. தராசு தேவை. ஹெக்சேனைப் படிவம் 3இல் சேர்க்க மறக்காதீர்கள். முதலில் 1 மி.லி. எண்ணெயை 0.25 ஆகக் குறைத்துப் பாருங்கள். 1000 துகளுக்கு 1 மி.லி. மிக மிக அதிகம், மிஞ்சுவதில் பெரும்பகுதி அந்த உபரியாகத்தான் இருக்கும்.