போனை எடுக்காதவர்கள் எந்தக் கணக்கில்? (மலேசியா, பாடாங் செராய்: ஃபோர்க்லிப்ட் என்ற சரக்கு தூக்கும் வண்டி ஓட்டும் பயிற்சி)

மெட்ரோலக்:
நேற்று ஊர்க் குழுவில் ஒருவர் மார்தட்டியிருந்தார்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஃபோர்க்லிப்ட் பயிற்சி 83 விழுக்காடு வெற்றி." எரிச்சல்தான் வந்தது. அவர் போட்ட அறிக்கையிலேயே இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். சேர்ந்தவர்கள் 40. ஆறு மாதம் கழித்துப் போன் போட்டபோது எடுத்தவர்கள் 18. அவர்களில் வேலையில் இருக்கிறேன் என்றவர்கள் 15. பதினைந்தைப் பதினெட்டால் வகுத்தால் 83. நாற்பதால் வகுத்தால் 37.5. மீதி 22 பேர் எங்கே? ஆவியாகிவிட்டார்களா?

மூணாங்கட்டை:
போட்டது நான்தான். "ஒருவர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம், நேராகவே கேளுங்கள். போனை எடுக்காதவன் வேலையில்லாமல் இருக்கிறான் என்று உங்களுக்கு யார் சொன்னது? தெரியாத நம்பர் வந்தால் இப்போது யார் எடுக்கிறார்கள்? மோசடிக்காரன் என்று வெட்டிவிடுகிறார்கள். ஃபோர்க்லிப்டில் உட்கார்ந்திருப்பவன் போனை எடுத்தால் சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? எடுக்காதவன்தான் வேலையில் இருக்கிறான் அண்ணே.

மெட்ரோலக்:
அடேங்கப்பா. அப்படியென்றால் ஒருவருமே எடுக்காமல் இருந்திருந்தால் நூறு விழுக்காடு வெற்றி என்று போட்டிருப்பீர்கள்.

கூலிம் அக்கா:
நான் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். போன் கிடக்கட்டும். "வேலை" என்று எதை எழுதினார்கள்? என் பக்கத்து வீட்டுப் பையன் அந்த 15 பேரில் ஒருவன். மினி மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கிறான். ஃபோர்க்லிப்ட் சாவியைக்கூடத் தொட்டதில்லை. அவனும் வெற்றிதான். பிரிட்டனில் 2011இல் வேலையில்லாதவர்களுக்கான திட்டத்தைக் குத்தகைக்கு விட்டபோது, ஆள் ஆறு மாதம் வேலையில் நிலைத்தால்தான் அதற்கான பணம் என்று வைத்தார்கள். வேலை கிடைக்கவே சிரமப்படுகிறவர்களுக்கு மட்டும் மூன்று மாதம். அதிலும், சுலபமாக வேலை கிடைக்கும் ஆளை மட்டும் கவனித்து மற்றவர்களை ஓரம் கட்டினார்கள் என்று புகார் வந்தது. இங்கே சான்றிதழ் கொடுத்ததும் பணம் பயிற்சிக் கம்பெனி கைக்குப் போய்விடுகிறது. அப்புறம் எவன் வேலைக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?

மெட்ரோலக்:
அக்கா சொல்வது சரி. ஆனால் 22 பேர்?

மூணாங்கட்டை:
அக்கா, பிரிட்டனை விடுங்கள். கல்லாவில் நிற்பது வேலை இல்லையா? அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

லயத்துப் பையன்:
போனே வேண்டாமே. சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி, அதன் பதிவைப் பார்த்தால் யாருக்கு எந்த மாதம் முதலாளி சந்தா கட்டினார் என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1998 சட்டத்துக்கு அப்புறம் இப்படித்தான், பயிற்சி முடித்தவரின் சம்பளப் பதிவைப் பார்க்கிறார்கள். போனை மட்டும் நம்பி இருப்பதில்லை.

மூணாங்கட்டை:
தம்பி, சிங்கப்பூருக்குப் போனவனுக்கு இங்கே சொக்சோ ஏது? காண்டிராக்டில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவனுக்கு எந்த டவுக்கே, எந்த முதலாளி கட்டுகிறான்? உன் கணக்கில் இவர்கள் எல்லாம் வேலையில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். போனில் கேட்டால் வாயைத் திறந்து சொல்வார்கள்.

மெட்ரோலக்:
எடுத்தால்தானே சொல்வார்கள்!

சரி, எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். பால் வெட்டிக் கொண்டுவந்து ஸ்டோரில் ஊற்றும்போது வாளி நிறைந்திருக்கிறதா என்று அவர் பார்க்கமாட்டார். தண்ணீர் ஊற்றியும் வாளியை நிறைக்கலாம். மெட்ரோலக் என்று கோடு போட்ட மிதவைக் கருவி, என் பெயரே அதுதான்; அதைப் பாலில் மிதக்க விட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேரே வைத்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் எழுதுவார். நல்ல பாலிலேயே மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேல்தான் தேறும். 40 பேர் சேர்ந்ததும் வாளி. சான்றிதழும் வாளி. வேலை மட்டும்தான் ரப்பர். நீங்கள் வாளியைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, ரப்பர் கேட்டால் போன் எடுக்கவில்லை என்கிறீர்கள்.

ஸ்டோர் வாசல்:
ஓ, கிராணி பேரனா நீங்கள்! இப்போதுதான் புரிகிறது. அந்த மெட்ரோலக்கைக் கிராணி எப்படிப் படிப்பார் என்று எங்கள் பாட்டியைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கோடு மேலே நின்றால் ஒரு கோடு கீழே எழுதுவார். கேள்வி கேட்டால் மறுநாள் பால் குறைவாக வரும் மோசமான மர வரிசைக்கு மாற்றிவிடுவார். நீங்கள் வந்து எங்களுக்கு நேர்மையான அளவைச் சொல்லிக்கொடுக்கிறீர்களா?

மெட்ரோலக்:
என் தாத்தா ஒரு அவுன்ஸ் யாரையும் ஏமாற்றியதில்லை. அவர் இறந்தபோது தொழிலாளர் குடியிருப்பான லயமே திரண்டு வந்தது.

ஸ்டோர் வாசல்:
வரத்தான் செய்வார்கள். வராவிட்டால் வருகைப் பட்டியலில் பெயர் இருக்காதே.

கூலிம் அக்கா:
சண்டையிலும் ஒரு விஷயம் வந்துவிட்டது பாருங்கள், அளக்கிறவர் யார்? இங்கே போன் போட்டதே பயிற்சியை நடத்திய கம்பெனிதான். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திக்கொள்கிறது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, துணி வெளுப்பு, கருவிப் பராமரிப்பு எல்லாம் 1997 முதல் தனியார் கையில். அந்த ஒப்பந்தத்தில், வேலை சரியில்லை என்றால் கட்டணத்தில் வெட்டு விழும் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே வெட்டு எங்கே?

மூணாங்கட்டை:
தரை அழுக்காக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், வெட்டலாம். பையன் டவுக்கேயோடு சண்டை போட்டு நின்றுவிட்டால் பயிற்சி கொடுத்தவன் பணத்தை வெட்டுவீர்களா? அப்படி வெட்டினால் அடுத்த முறை தோட்டத்துப் பிள்ளைகளை எவனும் சேர்க்கமாட்டான். டவுனில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) தேறியவனாகப் பொறுக்கி எடுப்பான்.

லயத்துப் பையன்:
இதைத்தானே அக்கா பிரிட்டன் கதையில் சொன்னார்?

மூணாங்கட்டை:
அதனால்தான் சொல்கிறேன், பிரிட்டனை விடுங்கள்.

மெட்ரோலக்:
பேச்சை மாற்றுகிறார் பாருங்கள். 22 பேர் பெயரைக் கொடுங்கள், நானே வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கொடுக்கமாட்டீர்கள். ஏனென்று எனக்குத் தெரியும். பயிற்சிக்குச் சாப்பாடு போட்ட குத்தகை உங்கள் மச்சானுடையது. நாசி லெமாக் பொட்டலத்துக்கு வந்த பில்லில் தலை எண்ணிக்கை 40, கடைசி வாரம் வரை. வகுப்பில் பாதி நாற்காலி காலி என்று பயிற்சியாளரே டீக்கடையில் சொன்னார்.

மூணாங்கட்டை:
டீக்கடைப் பேச்சை ஆதாரமாகக் கொண்டுவருகிற ஆள் என் அறிக்கையைக் குறை சொல்கிறார்! என் மச்சான் நஷ்டத்துக்குச் சமைத்துப் போட்டான். கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்கை மூன்று மாதம் கேட்டும் காட்டாதவர்கள் பொட்டலம் எண்ண வந்துவிட்டார்கள்.

குழு நிர்வாகி:
கோயில் விஷயம் இங்கே வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது.

மெட்ரோலக்:
நிர்வாகி அவர்களே, ஆரம்பித்தது அவர். அன்னதானக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. பார்க்கக் கண் வேண்டும்.

ஸ்டோர் வாசல்:
ஒட்டியது அறைக்குள்ளே. அறை எப்போதும் பூட்டு.

மூணாங்கட்டை:
அதையேதான் நானும் சொல்கிறேன். சாவி யாரிடம்?

மெட்ரோலக்:
சாவி பொருளாளரிடம். கோயிலுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் கேட்டால் திறப்பார். நான் வருடம் தவறாமல் கட்டுகிறேன், ரசீது இருக்கிறது. இரவு படம் எடுத்துப் போடுகிறேன்.

மூணாங்கட்டை:
ரசீதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் லா. தலைவர் கையெழுத்து இருக்கிறதா?