ஆயுத பூஜை, ஞாயிறு ஷிஃப்ட், டிபன் பாக்ஸ்: வேலையிடத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தோடு இருப்பது எப்படி? (அனுபவப் பகிர்வு)

லேத் பட்டறை, கோவை

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆயுத பூஜை நெருங்கினாலே வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் சபையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, பொரி கொடுத்தா என்ன பண்றது?" பொரி கடைசியில் வருவது. முந்தின நாளிலிருந்து யோசிக்க வேண்டும்.

முந்தின நாள் முழுக்க சுத்தம் செய்கிற வேலை. லேத்தில் கடைந்து விழுந்த இரும்புச் சீவலை (சிப்ஸ்) வாரி, கூலன்ட் டேங்கின் அடியில் படிந்த சகதியை அள்ளி, வேலைப்பொருளைப் பிடிக்கிற சக்கின் தாடைகளைக் கழற்றிப் பிரஷ் போட்டு, மெஷினின் அடித்தளமான பெட்டைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஏர் கன் வைத்து ஊதாதீர்கள். பொடி ஸ்லைடுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு பெட்டில் கோடு விழும். இந்த வேலையில் கடைசிவரை நின்றவர் மறுநாள் தீபாராதனையில் பின்வரிசையில் அமைதியாக நின்றால் யாருக்கும் உறுத்தாது. "எங்களுக்கு இதெல்லாம் கிடையாது" என்று மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினவரைப் பற்றித்தான் வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.

இரண்டு மூன்று நாள் முன்னாலேயே மேஸ்திரியைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, வேலை எல்லாத்துக்கும் நான் இருக்கேன். குங்குமம், பிரசாதம் மட்டும் எனக்கு வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க." பத்துப் பேர் நடுவில் தட்டு வரும்போது முதல்முறையாகச் சொன்னால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். வசூல் நோட்டு வந்தால், டிபன் செலவுக்கோ ஸ்வீட் பாக்ஸுக்கோ என் பங்கு என்று சொல்லி மற்றவர்கள் கொடுக்கிற அதே தொகையைக் கொடுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க மதத்தைச் சொல்கிறான் என்ற பேச்சு வரவே கூடாது.

மெஷினில் வைத்த பொட்டை அழிக்காதீர்கள், மெஷின் முதலாளியுடையது. உங்கள் கையில் இருக்கும் மைக்ரோமீட்டர், வெர்னியர் மாதிரி அளவுக் கருவிகளுக்கு மட்டும் பொட்டை அதன் பெட்டி மூடியில் வைக்கச் சொல்லுங்கள். சந்தனம் ஈரமானது, அளக்கிற முகத்தில் பட்டால் துருப்புள்ளி விழும். இதை எந்த மேஸ்திரியும் ஒத்துக்கொள்வார்.

எல்லாவற்றிலும் மோசமானது பிரசாதத்தைச் சிரித்து வாங்கிவிட்டுக் குப்பைக்கூடையில் போடுவது. அது எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். கைமாறி வந்துவிட்டதென்றால், சாப்பிடுகிற ஒருவரிடம் மரியாதையாகக் கொடுத்துவிடுங்கள்.

வேதபாட ஆசிரியர், பாளையங்கோட்டை

மேலே சகோதரர் சொன்னதற்கு வசன ஆதாரம் கேட்பவர்களுக்காக. 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். கடையில் விற்பதை வாங்கிப் புசியுங்கள், விசாரிக்க வேண்டாம் என்கிறார் பவுல் (10:25). இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், சொன்னவர் நிமித்தம் புசியாதிருங்கள் என்கிறார் (10:28). கேன்டீன் பொங்கலும் பூஜைத் தட்டில் வந்த பொங்கலும் வெவ்வேறு என்பது இதிலிருந்துதான். மேலதிகாரியோடு கோவில் வாசல்வரை போக வேண்டிய நிலை வந்தால் 2 இராஜாக்கள் 5:18-19 பாருங்கள். ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குத் தன் ராஜாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகும் சீரியப் படைத்தலைவன் நாகமான், அதை மன்னிக்க வேண்டுமென்று கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா "சமாதானத்தோடே போ" என்று மட்டும் சொல்கிறார்.

ஒரே வேதத்தை வைத்துச் சபைகள் வெவ்வேறு முடிவுக்கு வருவதும் உண்டு. பெந்தெகொஸ்தே விசுவாசி மறுப்பதைக் கத்தோலிக்கர் ஒருவர் வாங்கிக்கொள்வார். பட்டறையில் நின்று ஒருவரையொருவர் திருத்தாதீர்கள். ரோமர் 14 அதற்காகவே எழுதப்பட்டது.

கத்தோலிக்க செவிலியர், திருச்சி

இயேசுவுக்கே புகழ். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு டியூட்டிக்குப் போனால், "என்ன சிஸ்டர், விபூதியா?" என்று நோயாளிகள் கேட்பார்கள். "இன்னைக்கு எங்க தவக்காலம் ஆரம்பம்மா" என்றால் போதும். 1 பேதுரு 3:15 சொல்வதும் கேட்கிறவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத்தான்.

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கடமை நோன்பு நாட்கள். 18 வயது நிரம்பியதிலிருந்து 59 முடியும்வரை, ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறிய அளவு. 14 வயதிலிருந்து புலால் விலக்கு. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கடமை கிடையாது. அவர்கள் பட்டினி கிடந்து லோ சுகரில் மயங்குவது பக்தி ஆகாது. நோன்போடு நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் அந்த முழுச் சாப்பாட்டை டியூட்டிக்குக் கிளம்பும் முன் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மருந்து அளவு பார்க்கிற கண்ணும் கையும் தெளிவாக இருக்க வேண்டும்.

வார்டில் ஜெபம் பற்றி: டியூட்டியில் இருக்கும்போது நாமாக ஆரம்பிக்கவே கூடாது. படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது; ஊசியும் மாத்திரையும் நம் கையில் இருக்கிறது, அவரால் "வேண்டாம்" என்றும் சொல்ல முடியாது. அவரே கேட்டால் ஒரு நிமிடம், தாழ்ந்த குரலில். தலையில் கை வைப்பதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். "குணமாயிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சபையிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கும் இதுதான்: இரண்டு பேர் போதும், ஐந்து நிமிடம் போதும், ஜெபித்த எண்ணெயைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

மில் ஷிஃப்ட் இன்சார்ஜ், ராஜபாளையம்

ஞாயிறு ஷிஃப்டுக்கு தானியேல் 1-ஆம் அதிகாரம்தான் வழி. ராஜாவின் சாப்பாடு தனக்கு ஆகாதென்று இருந்தும், தானியேல் முடியாது என்று முறுக்கிக்கொள்ளவில்லை. மரக்கறி கொடுங்கள் என்ற மாற்று வழியோடு போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். நீங்களும் அப்படியே கேளுங்கள்: "ஞாயிறு காலை ஷிஃப்டை மதியமாக மாற்றித் தாருங்கள். தீபாவளி, பொங்கல் அன்று நான் வருகிறேன். ஒரு மாதம் பாருங்கள்." அந்த மாதத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வரக் கூடாது.

தேதிகளை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, பெரிய வியாழன் மார்ச் 25, பெரிய வெள்ளி 26, ஈஸ்டர் 28. ரோஸ்டர் போடுகிறவர்களுக்குப் பெரிய வெள்ளி விடுமுறை தெரியும். வியாழன் சாயங்கால ஆராதனை தெரியாது, டிசம்பர் 31 இரவு ஆராதனையும் தெரியாது. கடைசி நேரத்தில் சொன்னால் உங்கள் இடத்தில் யாராவது டபுள் ஷிஃப்ட் பார்க்க வேண்டியிருக்கும்.

பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

சாப்பாட்டு ஜெபம் பதினைந்து வினாடி போதும். மற்றவர்கள் கையில் சோற்றோடு காத்திருக்கும்படி நீட்டாதீர்கள். புரட்டாசியிலும், பக்கத்து இருக்கைக்காரர் மாலை போட்டிருக்கிற கார்த்திகையிலும், மீன்குழம்பைத் திறக்குமுன் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

வீட்டு ஜெபக்கூட்டம் இரவு 10 மணிக்கு முன் முடிய வேண்டும், அதன்பின் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. அது போக, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. செருப்புகள் பக்கத்து வீட்டுக் கேட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். கூட்டத்தைப் பற்றி முதல் புகார் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

லேத் பட்டறை, கோவை

ஒன்று விட்டுப்போனது. பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகு எல்லோரும் டிபனுக்குப் போய்விடுவார்கள். குங்குமம் கலந்த சதையும் விதையும் ரோட்டில் கிடக்கும், பைக் டயர் ஏறினால் வழுக்கும். ஒரு முறமும் தென்னந்துடைப்பமும் எடுத்து உடனே கூட்டி ஓரமாகத் தள்ளி, அந்த இடத்தில் இரண்டு கை மணல் போட்டுவிடுங்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.